இன்னும் வராத நோயாளிக்கு நன்கொடை

கோயில் திருப்பணிக்கோ, பள்ளிச் சுற்றுச்சுவருக்கோ, வெள்ள நிவாரணத்துக்கோ ஒருமுறையேனும் ரசீதுப் புத்தகத்தோடு படியேறி இறங்கியவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும்: நன்கொடை கேட்பது ஒரு தொழில், அதிலும் இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஒன்றுக்காகக் கேட்பது, சரக்கே இல்லாமல் கடை திறந்து உட்காருவதற்குச் சமம்.

விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்று, இராயபுரத்து மேல்நிலைப் பள்ளியொன்றில் ஆசிரியையாகவும் பிறகு தலைமையாசிரியையாகவும் இருந்து ஓய்வுபெற்றவள் நான். பேரப்பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிற வயதில் இந்தத் தொழிலுக்கு என்னை இழுத்துவிட்டவள் என் மாணவி கயல்விழி. இப்போது நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் விஞ்ஞானி. வயது ஏற ஏறப் புற்றுநோய் ஏன் கூடுகிறது என்பது அவள் கேள்வி. அதற்காக எங்கள் வட்டாரத்து முதியவர்களிடம், அவர்கள் நலமாக இருக்கும்போதே, சில ஆண்டுகளாக ரத்தம் எடுத்து ஃப்ரீசரில் பாதுகாத்து வருகிறாள். அவர்களில் யாருக்கேனும் பின்னால் நோய் வந்தால், அதற்கு முந்தைய ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நோய் வந்தபின் எத்தனை முறை வேண்டுமானாலும் ரத்தம் எடுக்கலாம். வருவதற்கு முந்தைய ரத்தத்தை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

பணம் கொடுத்துவந்த நிறுவனம் இந்த ஆண்டு கையை விரித்துவிட்டது. மழைக்காலம் தொடங்குவதற்குள் ஃப்ரீசருக்கான ஓராண்டுச் செலவைக் கட்டாவிட்டால் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தும்படி ஆய்வுக்கூடத்தார் சொல்லிவிட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நடத்தும் எங்கள் அறக்கட்டளை பொறுப்பை ஏற்றது. வசூலுக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். 'இல்லை' என்று சொல்ல எதிராளி அஞ்சும் முகம் எனக்கு இருக்கிறதாம்.

நோயாளி யார்?

முதலில் காசிமேட்டுக்குப் போனேன். விசைப்படகுக்காரர்கள் கொடுப்பதற்கு யோசிப்பவர்கள் அல்லர். படகில் வேலை செய்யும் ஒருவரின் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை என்றால், மீன் ஏலம் முடிவதற்குள் பணம் சேர்ந்துவிடும். அவர்களில் மூத்தவரான தேசிங்கு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி போட்டார், தேநீர் வரவழைத்தார், பிறகு நோயாளியின் படத்தையும் மருத்துவமனைச் சீட்டையும் கேட்டார். நோயாளி என்று ஒருவர் இல்லை என்றேன். அவர் மரியாதையாகக் காத்திருந்தார், நான் இன்னும் முடிக்கவில்லை என்று நினைத்து.

இது ஒருவருக்கான பணம் அன்று, வயதான பிறகு நோய்வாய்ப்படப் போகிறவர்களுக்கானது, அது நம்மில் யாராகவும் இருக்கலாம் என்று விளக்கினேன். வகுப்பறையில் எனக்கு எப்போதும் கைகொடுத்த விளக்கம் அது. தேசிங்கின் முகம் மட்டும் மெல்ல மாறியது. கயல்விழியின் முகாமில் அவரும் ரத்தம் கொடுத்திருந்தார் என்பதை நான் மறந்துவிட்டேன். சுற்றி இருந்தவர்களைச் சற்றுத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்: "எனக்கா டீச்சர்? டெஸ்ட்ல எதுனா தெரிஞ்சிதா? மறைக்காத, சொல்லு."

திறப்பு விழா

எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் சமூகப் பொறுப்புக்கென்றே ஓர் அதிகாரி இருந்தார். பள்ளிகளுக்குக் குடிநீர்க் கருவிகளும், பேருந்து நிறுத்தங்களுக்கு இருக்கைகளும் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் நிறுவனத்தின் பெயர் பளிச்சென்று இருக்கிறது. மார்ச் மாதத்துக்குள் பயனாளிகள் எத்தனை பேர் என்று கேட்டார். மார்ச் மாதத்துக்குள் ஒருவரும் இல்லை என்றேன். படம் எடுத்துப் போட ஏதாவது உண்டா என்றார். பூட்டிய ஃப்ரீசர் ஒன்று உண்டு என்றேன்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டபோது, தம் தாயாருக்கு வயதாகிவிட்டது, உடம்பு இளைத்துக்கொண்டே வருகிறது, எந்த மருத்துவரிடம் காட்டலாம் என்று அலுவலகக் குரலை விட்டு வீட்டுக் குரலில் கேட்டார். சொன்னேன். நன்றியோடு கைகூப்பியவர், வெறுங்கையோடு என்னை அனுப்ப மனமில்லாமல் ஓர் உறுதியும் கொடுத்தார்: "கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் கண்டிப்பா வாங்க மேடம், திறப்பு விழாச் செலவு முழுக்க எங்களோடது."

சாகாத செல்

வியாசர்பாடிக் குடியிருப்பில் மகளிர் குழுவினர் எங்களை அழைத்திருந்தார்கள். அன்று கயல்விழியும் உடன் வந்தாள். வயதாகும்போது சில செல்கள் பிரிவதை நிறுத்திவிடுகின்றன, ஆனால் சாவதுமில்லை. இருந்த இடத்தில் இருந்தபடியே பக்கத்துச் செல்களுக்கும் தொல்லை தருகின்றன. அந்தத் தொல்லைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைத்தான் தேடுகிறோம் என்று அவள் சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். எதிரே இருந்த பெண்கள், சமையல் வாயு மானியத்தைப் பற்றி எப்போது பேச்சு வரும் என்ற முகத்தோடு அமர்ந்திருந்தார்கள்.

இட்லிக்கடை சரோஜா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, மறுபடி சொல்லும்படி கேட்டாள். கயல்விழி மறுபடி சொன்னாள். சரோஜா குழுவின் பக்கம் திரும்பி மொழிபெயர்த்த பிறகுதான் சிரிப்பும் பணமும் ஒன்றாக வரத் தொடங்கின: "எங்க வூட்டுக்காரு மாரிதான்டி. வேலைக்கும் போவாது, வூட்ட வுட்டும் போவாது, பக்கத்து வூட்டுல ஒயுங்கா கீறவனையும் கெடுத்து வெக்கும்."

பதாகை

திருவொற்றியூரில் பதாகை அச்சிடும் மோகனும் என் மாணவன்தான். இலவசமாக ஒன்று அச்சிட்டு என் தெருமுனையில் கட்டுவதாகச் சொன்னான். முகம் தெரிந்தால்தான் பணம் வரும் என்பது அவன் அனுபவம். ஆகவே என் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே 'முதுமையும் புற்றுநோயும்' என்று எழுதி, கணினியில் தயாராக இருந்த அலங்காரம் ஒன்றைச் சுற்றிலும் சேர்த்திருக்கிறான். அந்த அலங்காரத்தில் இருபுறமும் குத்துவிளக்கு, மேலே மலர் வளையம். அவன் கடையில் கண்ணீர் அஞ்சலிக்குத்தான் அது வழக்கமாகப் போகும்.

அவன் அதைக் கட்டிய அன்று நான் மணலிக்குப் போய்விட்டு மாலையில் திரும்பினேன். என் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. தெருவார் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். எதிர்வீட்டுக்காரர், வீட்டைத் திறக்கச் சாவி கிடைக்காததால் திண்டாடியதாக ஏதோ முணுமுணுத்தார். முனையில் பூ விற்கும் தனம், ஆளுயர ரோஜா மாலையைத் தோளில் சுமந்தபடி முன்னால் நின்றாள். கடனுக்குக் கட்டியதன்று, தன் கைக்காசில் கட்டியது என்று பின்னால் அறிந்தேன். தலையிலிருந்து கால்வரை என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு மாலையை விரித்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ரோஜா நாளிக்கி வரிக்கும் தாங்காதும்மா. இர்க்கும்போதே போட்டுக்கோ."

ஐஸ் பெட்டி

மழைக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. சேர்ந்த பணம் பாதிக்கும் கீழே. அப்போதுதான் கொருக்குப்பேட்டையிலிருந்து ஏகாம்பரம் சொல்லியனுப்பினார். சரக்கு ரயில் யார்டில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். முகாமுக்கு முதல் ஆளாக வந்து இரண்டு முறை ரத்தம் கொடுத்தவர். இப்போது வயிற்றில் புற்றுநோய். மருத்துவம் தாங்காத கட்டம் என்று மருத்துவர்கள் கைவிட்டிருந்தார்கள். ரயில் பாதையை ஒட்டிய அந்த வீட்டுக்கு நான் பணம் கேட்கப் போகவில்லை. ஆனால் அவரே ஆய்வைப் பற்றிக் கேட்டார். உண்மையோடு தண்ணீர் கலப்பது என் பழக்கமில்லை. அவருடைய பழைய ரத்தம்தான் கயல்விழி இத்தனை ஆண்டுகளாகக் காத்திருந்த பொருள் என்றும், அதை வைத்துக் காப்பதற்கே பணமில்லை என்றும் சொன்னேன்.

"அப்போ என் ரத்தத்த கொட்டிடுவாங்களா?" என்றார். பணம் சேராவிட்டால் ஆம் என்றேன். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, என்னைத் தெருக்கோடியில் இருந்த சங்கத்துக்கு அழைத்துப் போனார்.

அது சாவுக்கென்று வைத்த சங்கம். உறுப்பினர்கள் மாதாமாதம் பணம் கட்டுவார்கள். வீட்டில் சாவு விழுந்தால் பாடை, பூ, மேளம், வெளியூரிலிருந்து உறவினர் வரும்வரை உடலை வைத்திருக்கக் கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டி, எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. தம்முடைய ஐஸ் பெட்டிக்கான பணத்தை இப்போதே என்னிடம் கொடுக்கும்படி ஏகாம்பரம் கேட்டார். செயலாளர் முருகேசன் திகைத்துப்போனார். உயிரோடு இருப்பவருக்குக் கொடுக்கச் சங்கத்தில் விதி இல்லை. ஒருவருடைய இறுதிச் சடங்குப் பணத்தை வாங்கிக்கொள்ள எனக்கும் மனமில்லை; அதைக் கண்டிப்பாகவே சொன்னேன். ஏகாம்பரம் என்னை உட்காரச் சொல்லிவிட்டு முருகேசனிடம் திரும்பினார்: "செத்த ஒடம்ப ஐஸ்ல வெச்சி இன்னா பண்ணப்போற நைனா? நல்லா இருந்தப்ப குட்த ரத்தம் ஐஸ்ல கீது. அதுக்கு வாடக கட்டு."

கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். அவர்களிலும் பலர் ரத்தம் கொடுத்தவர்கள். தனக்கும் பெட்டி வேண்டாம், அன்றைக்கே எடுத்துவிடுங்கள் என்று ஒருவர் சொன்னார், பிறகு இன்னொருவர். தன்னை நாலு நாள் வைத்திருந்தாலும் பார்க்க வருவதற்கு ஆளில்லை என்று ஒருவர் சொன்னதற்குச் சிரித்தார்கள். பணத்தைப் பற்றிய எதிர்ப்பு அங்கேயே கரைந்தது. ஆனால் முருகேசன் பொறுப்பானவர். ஏகாம்பரத்தின் ஒரே மகள் சூரத்தில் இருக்கிறாள். ரயிலில் அவள் வந்து சேரும்வரை உடல் எப்படித் தாங்கும், தகப்பன் முகத்தை அவள் பார்க்க வேண்டாமா என்று கேட்டார்.

அதுவரை எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்த மனிதர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கேரம் பலகையின் மேலே தொங்கிய விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய்விடலாமென்று பையை எடுத்தேன். அப்போது அவர் சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்து, எண்களைத் தேடி அழுத்திக்கொண்டே சொன்னார்: "அவள இப்பவே வரச் சொல்றேன்."

சூரத்திலிருந்து

சங்கத்தின் பணமும், அதைக் கேள்விப்பட்டுப் பக்கத்துச் சங்கங்கள் இரண்டு கொடுத்ததும், முன்பே சேர்ந்ததோடு சேர்த்து ஃப்ரீசரின் ஓராண்டுச் செலவுக்குப் போதுமானவையாயின. கயல்விழியிடம் சொன்னேன். அவள் அன்றே போய்ப் பணத்தைக் கட்டினாள்.

ரசீதைக் கொடுக்கக் கொருக்குப்பேட்டைக்குப் போனேன். மகள் அமுதா வந்து ஒரு வாரமாகியிருந்தது. கஞ்சியில் உப்பில்லை என்று தகப்பனும், மருத்துவர் சொன்ன அளவுதான் என்று மகளும் ரயில் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டிருந்தார்கள். சூரத்தில் போய் எல்லாவற்றிலும் சர்க்கரை போடக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று அவர் என்னிடம் முறையிட்டார். அவர் உடம்பு முன்னைவிடப் பாதியாகியிருந்தது. குரல் மட்டும் குறையவில்லை. ரசீதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மறுபடி உப்பைப் பற்றி ஆரம்பித்தார். அமுதா என்னை வழியனுப்ப வாசல்வரை வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் புகை என்று சொல்லக்கூட அவள் மெனக்கெடவில்லை: "வந்ததுலேந்து சண்டதாம்மா. ஐஸ் பெட்டில வந்து பாத்திர்ந்தா, ஒரு வார்த்த திட்டியிருக்குமா இது?"

எதிர்காலத்துக்காகவே பணம் கேட்டுப் படியேறிய எனக்கு, எதிர்காலம் அதிகம் மிச்சமில்லாதவர்களே வாரிக் கொடுத்தார்கள் என்பதை அறக்கட்டளையின் ஆண்டறிக்கையில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று மட்டும், இத்தனை படித்தும் இன்னும் விளங்கவில்லை.