எல்லைக்கல்லுக்குப் பொட்டு வைத்த எங்கள் அம்மா

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் இளையவர்கள் பலர் எங்கள் கொட்டாயைப் பார்த்ததில்லை. அதைச் சொல்லாமல் அம்மாவைச் சொல்ல முடியாது.

பாப்பாரப்பட்டிப் பக்கம் பிறந்த அம்மா, தொப்பூருக்கு வடக்கே, நிலத்தின் நடுவில் வீடும் கிணறும் மாட்டுப்பட்டியுமாக இருந்த அந்தக் கொட்டாய்க்கு மருமகளாக வந்தார்கள். மிட்டா என்று சொல்லப்பட்ட இரண்டு சிறு ஜமீன்களின் எல்லை எங்கள் களத்தை ஒட்டித்தான் போனது. மிட்டாக்கள் ஒழிந்தும் எல்லைக்கல் ஓயவில்லை. ஒவ்வொரு உழவுக்கும் ஒரு முழம் இங்கே, ஒரு முழம் அங்கே என்று நகரும். அப்பாவுக்கும் மேற்குக் கொட்டாய்க்காரருக்கும் கடப்பாரையைத் தூக்குகிற அளவுக்குப் பகை.

வந்த முதல் வெள்ளிக்கிழமை, அம்மா அந்தக் கல்லைக் குலதெய்வம் என்று நினைத்துக் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டும் வைத்துவிட்டார்கள். அப்பா தலையில் அடித்துக்கொண்டாராம்.

“அது சாமி இல்ல புள்ள, எல்லக்கல்லு!”

“வெச்ச பொட்ட அழிக்க மாட்டனுங்க. இனிமே இத நவுத்தறவன் கையி வெளங்குமான்னு பாக்கறேன்.”

தெரியாமல் செய்ததை அம்மா தெரிந்தே தொடர்ந்தார்கள். அடுத்த வாரம் மேற்குக் கொட்டாய்க்காரரின் மனைவியும் தன் பக்கம் நின்று தேங்காய் உடைத்தார். சாமியை யார் நகர்த்துவது? ஆடியில் இரண்டு வீட்டுக்கும் ஒரே பானையில் பொங்கல் வைத்தார்கள். அம்மாவின் பிடிவாதம் எங்களையும் படாத பாடு படுத்தியதுண்டு. ஆனால் வெட்டுக்குத்தைத் தடுத்ததும் அதுதான்.

நான்குவழிச் சாலை வந்தபோது வீடு, கிணறு, களம், கல் எல்லாம் போயின. அங்கே இப்போது லாரிகள் ஓடுகின்றன. நாங்கள் தருமபுரிக்கும் மேற்குக் கொட்டாய்க் குடும்பம் பாலக்கோட்டுக்கும் பிரிந்தோம்.

“வூடு போனா கட்டிக்கலாம். அவங்க உறவு உட்டுப்போச்சின்னா எங்க போயி கட்டறது?” என்பதே அம்மாவின் கவலை. முழங்கால் வலியோடு பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வருவார்கள். படுக்கையில் விழுந்த பிறகு அதுவும் நின்றது. அங்கிருந்தும் யாரும் வரவில்லை. அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

அம்மா இறந்தபோது உடன்பிறந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. குளிப்பாட்டிக் கிடத்தியதும், “பொறந்த வூட்டுக் கோடி யாருங்க போடறது?” என்று ஊர்ப் பெரியவர் கேட்டார். மறுபடியும் கேட்டார். அப்போது கைத்தடியை ஊன்றிக்கொண்டு, புதுப்புடவையோடு மேற்குக் கொட்டாய்க்காரர் உள்ளே வந்தார்.

“தள்ளுங்கப்பா. நாந்தான் அண்ணன்.”

அம்மாவை அருகிலிருந்து பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், சோறாக்கிக் கொடுத்த தெருக்காரர்களுக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மேற்குக் கொட்டாய்க்காரருக்கு மட்டும் இங்கே நன்றி எழுதவில்லை. தாய்மாமனுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

மூத்த மகள்