முன்னிலை வகித்தோரும் மலைப் பேருந்தும்

எங்கள் பகுதியில் ஒரு விழாவுக்கு முன்னிலை வகிக்கத் தனித் தகுதி எதுவும் வேண்டியதில்லை. மேடையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் போதும். தலைமை தாங்குபவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். சிறப்புரை ஆற்றுபவருக்கு ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசத் தெரிந்திருக்க வேண்டும். முன்னிலை வகிப்பவருக்கு அமர்ந்திருப்பதே கடமை. ஆயினும் அவரும் எழுந்து பேசுவார். அதற்கு வாழ்த்துரை என்று பெயர்.

நாங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தவரை இத்தகையோர் ஓரளவுக்கு எண்ணக்கூடியவர்களாக இருந்தனர். ஒன்றியத் துணைத்தலைவர், நகர இணைச்செயலாளர் என்று சிறிய அடைமொழிகளோடு அடங்கியிருந்தனர். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனதும் ஒவ்வொருவர் பெயருக்கு முன்னாலும் 'மாவட்ட' என்ற சொல் வந்து ஒட்டிக்கொண்டது. மக்களுக்கு ஆட்சியர் அலுவலகம் பக்கத்தில் வந்தது. பள்ளி விழாக்களுக்கு மேடையில் இரண்டாவது வரிசை நாற்காலிகள் வந்தன.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டின் பிரிவு உபசார விழாவும் அப்படிப்பட்ட மேடையில்தான் நடந்தது. பிரிபவர்கள் நாங்கள்; உபசாரம் அவர்களுக்கு.

எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளி மலைக்குப் போகும் சாலையின் ஓரத்தில் இருந்தது. வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒரு புறம் மரவள்ளி ஏற்றிய லாரிகள், மறுபுறம் கல்வராயன் மலை. இயற்பியல் வகுப்பில் லாரிகளைப் பார்ப்போம். வரலாறு எடுத்தவர்கள் மலையைப் பார்ப்பார்கள் என்று கேள்வி. மரவள்ளி பிடுங்கும் நாட்களில் பாதி வகுப்பு காட்டு வேலைக்குப் போய்விடும். அந்நாட்களில்தான் ஆசிரியர்கள், "புரியாதவங்க இப்பவே கேட்டுக்கங்க" என்று தாராளமாக அனுமதி வழங்குவார்கள். புரியாதவர்கள் அப்போது கிழங்கு பிடுங்கிக்கொண்டிருப்பார்கள்.

என் பக்கத்தில் அமர்ந்திருந்தவள் மலையிலிருந்து வருபவள். காலையில் பேருந்தில் இறங்கி வந்து, மாலையில் நாலரை மணிப் பேருந்தில் ஏறிப் போவாள். அதை விட்டால் மறுநாள் காலைவரை மேலே போக வண்டி கிடையாது. அவளுக்கு அழகான, நீளமான ஒரு பெயர் இருந்தது. வருகைப்பதிவு எடுக்கும் நேரம் தவிர, எந்த ஆசிரியரும் அதைப் பயன்படுத்தியதில்லை. "ஏய் மல, எழுந்திரு." "மல, நீ சொல்லு." இதில் அவர்களுக்கு எந்த வன்மமும் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். வன்மம் இருந்திருந்தால் பெயரையாவது நினைவில் வைத்திருப்பார்கள்.

அவளிடம் ஒரு கலை இருந்தது. எவர் குரலையும் இரண்டு நாள் கேட்டால் மூன்றாம் நாள் அது அவள் தொண்டையில் குடியேறிவிடும். மதிய உணவு வேளையில் சாப்பாட்டுத் தட்டோடு நாங்கள் அவளைச் சுற்றி அமர்வோம். வேதியியல் ஆசிரியர் வருவார், நிறுத்தக்குறிகளோடு பாடம் சொல்லுவார். தலைமை ஆசிரியர் வருவார், காலை வழிபாட்டில் வாழ்க்கைத் தத்துவத்தைச் சைக்கிள் நிறுத்துமிடத்தில் கொண்டுபோய் முடிப்பார். கடைசியில் எப்போதும் அவளுடைய மலைப் பேருந்தின் நடத்துநர் வருவார். "வெள்ளிமல, வெள்ளிமல. வளைவு வருது, வாந்தி எடுக்கறவங்க ஜன்னலாண்ட போய்க்கங்க" என்பார். பிறகு இரண்டு விரலை நாக்கின் அடியில் கொடுத்து அவள் ஊதும் விசிலில் தட்டுகள் அதிரும்.

ஆனால் அவள் ஒருமுறைகூட மேடை ஏறியதில்லை. விளையாட்டு விழாவிலும் ஆண்டு விழாவிலும் மாணவர் நிகழ்ச்சி கடைசியில்தான். அழைப்பிதழிலேயே 'நேரமிருப்பின் கலை நிகழ்ச்சிகள்' என்று அச்சாகியிருக்கும். வாழ்த்துரைகள் முடிவதற்குள் நாலரை ஆகிவிடும். பையை எடுத்துக்கொண்டு அவள் போய்விடுவாள்.

பிரிவு விழாவுக்கு முந்தைய நாள் என்னிடம் சொன்னாள்.

"ஒரே ஒரு தடவ மைக்குல பேசணும்டி. அப்புறம் எங்க பேசப் போறேன், மலையில எனுக்கு யாரு மைக்கு வெச்சிக்கினு நிக்கிறாங்க?"

"நாளைக்கு உன்னுதுதான் மொதல்ல. தமிழம்மா சொல்லிட்டாங்க."

"போன வருசமும்தான் சொன்னாங்க. நான் பஸ்ஸுல போய்க்கினே கைதட்டுனேன்."

எனக்கு அளிக்கப்பட்ட பொறுப்பு நன்றியுரை. தமிழம்மா என்னைத் தேர்ந்தெடுத்த காரணத்தை என் முன்னாலேயே கூறினார். "இது அதிகம் பேசாத புள்ள. சுருக்கமா முடிச்சிடும்."

விழா நாளன்று பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் எல்லாரும் புடவையில் வந்திருந்தோம். அம்மாக்களின் புடவைகள், ஊக்குகளின் கருணையால் உடலில் நின்றவை. அவள் என் சித்தியின் பச்சைப் பட்டில் இருந்தாள். "இத கட்டிக்கினு படியேறவே முடியல, பஸ் ஏறுறது எப்படி?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அப்போது நான் முக்கியத்துவம் தரவில்லை.

விழா இரண்டு மணிக்குத் தொடங்குவதாக இருந்தது. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். முன்னிலையினர் வந்துகொண்டே இருந்தனர். வாங்கி வைத்த சால்வைகளைவிட வந்தவர்கள் அதிகம். உடற்கல்வி ஆசிரியர் இதற்கு ஒரு வழி கண்டார். சால்வை போர்த்தப்பட்டவர் அதை உடனே எடுத்துப் பக்கத்தில் நிற்பவரிடம் தந்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம், பெருந்தன்மையின் அடையாளம். அப்படித் தரப்பட்டது திரைக்குப் பின்னால் போய், மடிக்கப்பட்டு, மறுபக்கத் தட்டில் புதிதாகத் திரும்பி வந்தது. மடிப்பவள் என் தோழி. உயரமாக இருப்பதால் மடிக்க வசதி என்று அவளை அங்கே நிறுத்தியிருந்தனர்.

இந்த ஏற்பாடு தடையின்றி நடந்தது. மாவட்டப் பொறுப்பாளர் ஒருவர் மட்டும் சால்வை தோளில் விழுந்ததும் முகம் சுளித்து, தலைமை ஆசிரியர் காதருகே குனிந்தார். மைக் திறந்திருந்ததால் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"இன்னா சார், சால்வ சூடா இருக்குது?"

"வெயிலுங்க," என்றார் தலைமை ஆசிரியர்.

வாழ்த்துரைகள் தொடங்கின. முதலில் பேசியவர் எங்கள் அரங்குக்கு மின்விசிறி வழங்கிய உரக்கடை உரிமையாளர். மூன்று இறக்கைகளிலும் தன் பெயரை எழுதிக் கொடுத்தவர். சுற்றினால் பெயர் தெரியாது என்பதால் அவர் வரும் நாட்களில் அதை ஓட விடுவதில்லை. அசையாத விசிறியின் கீழ் வியர்த்தபடி அவர் முயற்சியின் பெருமையைப் பேசினார். அடுத்தவர், முந்தியவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதால் தாம் சொல்ல ஏதுமில்லை என்று தொடங்கி, அதை நெடுநேரம் விளக்கினார். எங்கள் வகுப்பைப் பற்றி எவரும் எதுவும் சொல்லவில்லை. அதுவும் நியாயமே, எங்களை அவர்கள் அன்றுதான் பார்க்கிறார்கள்.

சாலையில் மலைப் பேருந்து வந்து நின்ற சத்தம் கேட்டது. அது பள்ளி வாசலுக்கு எதிரில்தான் நிற்கும். ஓட்டுநர் இருக்கையிலேயே அமர்ந்து செய்தித்தாள் படிப்பார். நடத்துநர் டீக்கடைக்குப் போவார். அவர் டீ குடித்து முடித்தால் வண்டி கிளம்பும்.

திரை ஓரத்தில் அவள் நின்றிருந்தாள். கையில் மடித்த சால்வை, தோளில் பள்ளிப் பை.

"இன்னும் எத்தினி பேருடி?" என்று வாயசைத்தாள்.

மேடையை நோக்கினேன். பேசாதவர்களே அதிகம். "ஜாஸ்தி" என்றேன்.

அவள் அழவில்லை. சால்வையைத் தட்டில் வைத்துவிட்டு, பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். போவதற்குத் தயாரானவர்கள் செய்யும் காரியம் அது.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. எங்கள் ஊர் விழாவை மழை நிறுத்தாது, மின்தடை நிறுத்தாது. அதை முடிக்கும் அதிகாரம் நன்றியுரைக்கு மட்டுமே உண்டு. அது தொடங்கிவிட்டால் அதன் பின் எவரும் வாழ்த்த முடியாது. அதைவிட முக்கியமான விதி ஒன்றும் உண்டு. நன்றியுரையில் தன் பெயர் வரும்வரை எந்தப் பிரமுகரும் நாற்காலியை விட்டு எழமாட்டார்.

இரண்டாவது வாழ்த்துரைக்குக் கைதட்டல் எழுந்தது. தமிழம்மா அடுத்தவர் பெயரைச் சரிபார்க்கக் குனிந்தார். நான் மைக்கின் முன் சென்று நின்றேன்.

"நன்றி நவிலும் இந்த நல்வாய்ப்பில்..."

தலைமை ஆசிரியர் திரும்பினார். "யம்மா, இன்னும் பேசலம்மா பல பேரு" என்று பல்லிடுக்கில் சொன்னார். நான் சற்று உரத்த குரலில் தொடர்ந்தேன். மேடையில் அமர்ந்துள்ள சான்றோர் ஒவ்வொருவரையும் தனித்தனியே பெயர் சொல்லி நன்றி கூறவிருக்கிறோம் என்றேன். நாற்காலிகள் அமைதியாயின. அந்த நன்றியை வழங்க என் வகுப்புத் தோழியை அழைக்கிறேன் என்று கூறி, அவள் பெயரை முழுமையாக, ஓர் எழுத்தும் விழுங்காமல் உச்சரித்தேன்.

"யாரும்மா அது?" என்றார் தலைமை ஆசிரியர்.

திரைக்குப் பின்னாலிருந்து பச்சைப் பட்டும் பள்ளிப் பையுமாக அவள் வந்தாள். தொண்டையைச் செருமினாள். தலைமை ஆசிரியர் பேசத் தொடங்கினார். அவர் தம் நாற்காலியில் வாய் மூடி அமர்ந்திருக்கும்போதே.

"அதாவது இன்னான்னா, இந்த ஃபேனக் குடுத்த அண்ணனுக்கு நன்றி. சுத்துனா பேரு தெரியாதுன்னுதான் நாங்க வேர்த்துக்கினு இருக்கறோம். சைக்கிள வரிசையா வுடுங்க. அதான் வாழ்க்க."

அரங்கின் பின்வரிசை வெடித்தது. அவள் நிற்கவில்லை. வேதியியல் ஆசிரியர் வந்தார். "சிறப்பு விருந்தினர், கமா, மாவட்டத் தலைவர், கமா, மாவட்டத் துணைத்தலைவர், கமா, அனைவருக்கும் நன்றி, ஃபுல்ஸ்டாப். எழுதிட்டீங்களா, கேள்விக்குறி." எங்களில் சிலர் பழக்கத்தில் பேனாவைத் தேடினோம். பிறகு, தம் பாடவேளைகளையெல்லாம் கணக்கு ஆசிரியருக்குக் கடன் கொடுத்தே எங்களை அனுப்பிவைத்த உடற்கல்வி ஆசிரியர் வந்தார். "ரெண்டு வருசமா உங்கள நான் கிரவுண்டுல பாத்ததே இல்ல. எல்லாரும் நல்லா வெளையாடுனீங்க. நன்றி." உண்மையான உடற்கல்வி ஆசிரியர் தலையைக் குனிந்து சிரித்தார். தங்கள் பெயர் வருமா என்று முன்னிலையினர் மட்டும் சிரிக்காமல் காத்திருந்தனர்.

அவள் ஒவ்வொரு பெயராகச் சொன்னாள், ஒவ்வொன்றும் ஒரு குரலில். கடைசியாக, வழக்கம்போல, நடத்துநர் வந்தார்.

"பன்னண்டாவது முடிஞ்சவங்கல்லாம் எறங்குங்க. பைய மறந்துட்டு அப்புறம் என்னக் கேக்காதீங்க. வெள்ளிமல போறவங்க உள்ள வாங்க. போலாம், ரைட்." இரண்டு விரலை வாயில் கொடுத்தாள். இரு முறை விசில்.

பள்ளியின் கூம்பு ஒலிபெருக்கி வேப்பமரத்தில், சாலையைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. வெளியே செய்தித்தாளை மடித்து வைத்த ஓட்டுநர், பல்லாண்டுப் பழக்கத்தால் கியரைப் போட்டார். பேருந்து கிளம்பியது. டீக்கடையில் நடத்துநர், கையில் கிளாஸோடு எழுந்து நின்றார். "யோவ், நான் இங்க இருக்கறன்யா" என்று அவர் கத்தியது அரங்குக்குள் வரை கேட்டது.

எங்கள் வகுப்பு முழுதும் ஜன்னல்களுக்கு ஓடியது. அவள் முகத்தில் நான் அதுவரை கண்டிராத அச்சம் இருந்தது. போய்க்கொண்டிருப்பது அவளுடைய வண்டி, அனுப்பிவைத்தவளும் அவளே. பையன்கள் வண்டியை நிறுத்தச் சொல்லி "ஓல்டான், ஓல்டான்" என்று கூவினர். அந்தக் கூச்சல் எதுவும் ஓட்டுநரை எட்டவில்லை.

அவள் திரும்பி மைக்கை இரு கைகளாலும் பிடித்தாள். பிறகு ஒரு கையை விட்டு, விரல்களை வாயில் வைத்து, ஒரே ஒரு விசில் ஊதினாள், நீளமாக. இறங்க ஆள் இருக்கிறது என்று பொருள். புளியமரத்தருகே பேருந்து பணிவோடு நின்றது.

புடவையைக் கணுக்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவள் மேடையிலிருந்து குதித்தாள். தலைமை ஆசிரியர் ஏதோ சொல்ல எழுந்தார். ஆனால் நன்றியுரை முடிந்துவிட்டது. மேடை ஓரத்தில் அணிவகுத்துக் காத்திருந்த பதினொன்றாம் வகுப்புப் பெண்கள், நிகழ்ச்சி நிரலுக்கு நேர்மையாக, நாட்டுப்பண்ணைத் தொடங்கிவிட்டனர். தலைமை ஆசிரியர் பாதி திறந்த வாயோடு நேராக நின்றார். இரண்டு வரிசைப் பிரமுகர்களும் நின்றனர். நாங்களும் அசையாமல் நின்று பாடினோம். திறந்த கதவு வழியே, சாலையில் ஒரு பச்சைப் புடவையும் ஒரு காக்கிச் சட்டையும் பேருந்தை நோக்கி ஓடுவது மட்டும் தெரிந்தது. பாட்டு முடிந்தபோது சாலை காலியாக இருந்தது.

நடத்துநர் என்ன சொன்னார் என்பதை மறு திங்கட்கிழமை அவளே சொன்னாள். படியில் ஏற்றிவிட்டு மூச்சிரைக்கக் கேட்டாராம். "நீதான் ஊதுனியா?" "ஆமாங்கண்ணா." "நல்லாத்தான் ஊதுற. என் வேலய வுட்டுட்டு வேற வேலயப் பாரு." பயணச்சீட்டைப் பற்றி அவர் பேசவில்லை, எங்களுக்கு அது எப்போதும் இலவசம்.

அன்று வகுப்புக்கு வந்த வேதியியல் ஆசிரியர் பாடம் சொல்லத் தொடங்கினார். முதல் கமாவில் நின்றார். எங்கள் பெஞ்சை ஒருமுறை பார்த்துவிட்டு, மிச்சப் பாடத்தை நிறுத்தக்குறிகள் இன்றியே முடித்தார். யாருக்கும் எதுவும் புரியவில்லை. பிற்பகலில் தலைமை ஆசிரியர் எங்கள் வகுப்பு வாசலில் வந்து நின்றார். நாங்கள் எழுந்தோம். அவர் எவரையோ தேடினார். நான் மேடையில் அத்தனை தெளிவாகச் சொன்ன பெயர் அவர் நாவில் வந்துவிடும் என்று காத்திருந்தேன்.

"இங்க விசில் யாரும்மா?" என்றார். "அந்த விசில் பொண்ணு?"

அவள் கையைத் தூக்கினாள். அடுத்த விழாவுக்குப் பழைய மாணவியாக வந்து பேச வேண்டும், ஆனால் ஒலிபெருக்கியை உள்பக்கமாகத் திருப்பிய பிறகு, என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் அமர்ந்து, புத்தகத்தைத் திறந்துகொண்டே சொன்னாள்.

"பரவால்ல வுடுடி. மல சும்மா நிக்கும். விசிலுன்னா வண்டி நிக்குது."

பொதுத்தேர்வு முடியும்வரை எல்லா ஆசிரியர்களும் அவளை விசில் என்றே அழைத்தனர்.