உயிரோடு இருந்தவளுக்கு வந்த சாமந்தி

லியெர்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. ஜாக்ரெப்பில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை. மிச்ச நேரமெல்லாம் அம்மாவுக்கு. பக்கவாதம் வந்த நாலு வருஷமாக அம்மா வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறாள். குளிப்பாட்டுவது, மாத்திரை, முதுகில் புண் வராமல் பார்ப்பது எல்லாம் லியெர்காதான். குறை சொல்ல முடியாது, அந்த ஒரு பொய்யைத் தவிர.

டிராம் ஓட்டும் ஸ்லாவ்கோ, மனைவியைப் பிரிந்தவர், அவளை ஒரு காதல் காமெடிப் படத்துக்கு அழைத்துப் போயிருந்தார். துணை தேடி அலையும் தனிப்பெண் ஒருத்தியின் கதை. வருகிற ஆண்கள் எல்லாரும் ஒவ்வொரு சாக்குச் சொல்லி நழுவ, அரங்கமே சிரித்தது. லியெர்காவும் சிரித்தாள். அந்தச் சாக்குகள் அவளுக்கு மனப்பாடம். நடமாட முடியாத அம்மா வீட்டில் இருக்கிறாள் என்று கேட்டதுமே, காப்பி ஆறுவதற்குள் எழுந்து போனவர்கள் இரண்டு பேர். அதனால் படம் விட்டு வந்து, வீட்டில் யார் யார் என்று ஸ்லாவ்கோ கேட்டபோது, அம்மா செத்து மூன்று வருஷம் ஆயிற்று என்றாள். சொன்னபோது நாக்கு கூசவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவின் காலுக்குக் களிம்பு தடவியபோதுதான் கை கூசியது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவரைச் சந்திக்கும் ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தாள். ஒவ்வொரு ஞாயிறும் அவர் இன்னும் கொஞ்சம் நல்லவராகிக்கொண்டிருந்தார். சொன்னால் போய்விடுவார் என்ற பயமும் கூடவே வளர்ந்தது.

நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாள். ஊரே பூவும் மெழுகுவர்த்தியுமாக மலைமேல் இருக்கும் மிரோகோய் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பும் காலை. லியெர்கா குளியலறையில் அம்மாவின் படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருந்தாள். அழைப்பு மணி அடித்தது. அவள் கை துடைத்து வருவதற்குள் அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

வாசலில் ஸ்லாவ்கோ. கையில் சாமந்தித் தொட்டி, சிவப்புக் கண்ணாடி விளக்கு.

"லியெர்கா வீடுதானே? அவங்க அம்மா கல்லறைக்கு வாங்கிட்டு வந்தேன். கூடப் போகலாம்னு."

அம்மா தொட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "எல்லாரும் மலையேறிப் போறாங்க. நீங்க ஆள் இருக்கற இடத்துக்கே வந்துட்டீங்க தம்பி."

லியெர்கா ஈரக் கையோடு நின்றாள். "நான்தான் பொய் சொன்னேன்," என்றாள்.

ஸ்லாவ்கோவின் காது சிவந்துவிட்டது. பத்து மணி வரை டிராம் நிறுத்தத்தில் இருப்பதாக மட்டும் சொல்லிவிட்டு, தொட்டியோடு படி இறங்கினார்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். "எப்படிச் செத்தேன்னு சொன்னேடி?"

"தூக்கத்துல."

"பரவால்ல. இழுபறியில்லாமத்தான் அனுப்பியிருக்க." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, "போ, மணியாகுது," என்றாள்.

லியெர்கா போகவில்லை. அலமாரியிலிருந்து அம்மாவின் கறுப்புக் கோட்டை எடுத்தாள். செயலற்ற கையை முதலில் நுழைத்து, பிறகு நல்ல கையை நுழைத்து, பொத்தான் போட்டுப் படி இறக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நிறுத்தத்துக்குப் போனபோது மணி பத்தேகால். பெஞ்சிலிருந்து ஸ்லாவ்கோ எழுந்து, அம்மாவுக்கு இடம் விட்டார்.

"அப்பா மேல கல்லறையில இருக்கார்," என்றாள் லியெர்கா. "அது நிஜம்."

அவர் தலையாட்டினார். டிராம் வரும்வரை அவள் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை.