உண்ணிச்செடியை நட்டவர்

பூங்காவில் எல்லோரும் அவரைக் கத்தரி அண்ணன் என்பார்கள். இருபத்தாறு வருடத் தோட்டவேலையில், செடி வெட்டும் கத்தரியை விடுமுறை நாளில்கூடக் கீழே வைக்காத மனிதர். மற்ற செடிகளை வளரவிடாமல் புதராகப் பரவும் உண்ணிச்செடியை ஒழிப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. மேலே வெட்டினால் போதாது. தண்டும் வேரும் சேரும் கழுத்துக்குக் கீழே மண்ணைக் கொத்தி, அறுத்து, தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். படுக்கப் போட்டால் மறுபடி துளிர்த்துவிடும். இடம் காலியானதும் அங்கே நாட்டுப் புல்லும் புதரும் நடுவார்கள்.

பூங்காக் குளக்கரையில் அதை ஒழிக்கும் வேலை தொடங்கிய முதல் ஞாயிறன்று, உதவிக்கு வந்த இருபது பேருக்கும் இதை வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்தார். குளக்கரை முழுக்க இந்தச் சனியனை யார் கொண்டுவந்து நட்டது என்று ஒருவர் கேட்டார். நட்டவர் சாட்சாத் கத்தரி அண்ணன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பூ அழகாக இருக்கிறதென்று நர்சரியிலிருந்து கொண்டுவந்து வேலியாக வைத்து, பூங்கா அதிகாரியிடம் பாராட்டும் வாங்கியவர். உண்மையைச் சொல்லியிருந்தால் நாலு பேர் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். மனிதருக்குக் கௌரவம் குறுக்கே வந்தது.

"எல்லாம் எனக்கு முன்னாடி இருந்த பெரியவரு பண்ண வேலை" என்று, செத்துப்போன பழைய தலைமைத் தோட்டக்காரர் தலையில் பழியைப் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் அந்தப் பெரியவரின் மகள் என்று காவலாளி சாயங்காலம் சொன்னபோது, அண்ணனுக்கு உடம்பெல்லாம் கூசியது. இனி வரமாட்டாள் என்று நினைத்தார். வாராவாரம் வந்தாள். குளக்கரையை விட்டு நகராமல், முள் கீறிய கையோடு வேர் அறுத்தாள். அவர் அந்தப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போனார். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார், அதுவும் பொய்.

ஆறாவது ஞாயிறு அவள் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"இதை நட்டது நான்தாம்மா. உங்கப்பா இல்ல."

அவள் நிமிரவில்லை. "தெரியும். வேண்டாம்னு சொல்லியும் நீங்க கேக்கலைன்னு அப்பா வீட்டுல வந்து சொல்வாரு."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. தெரிந்துமா இத்தனை வாரம் பேசாமல் இருந்தாய் என்று மட்டும் கேட்டார்.

அறுத்த செடியை அவள் கவிழ்த்து வைத்தாள். "என்கிட்ட சொல்லி என்னண்ணே ஆகப்போகுது? அன்னிக்குச் சிரிச்சவங்க பத்தொம்பது பேரு. அதோ, அங்கதான் இருக்காங்க."

கத்தரி அண்ணன் எழுந்து அவர்களிடம் போனார். "அந்தச் செடியை நட்டது பெரியவரு இல்ல, நான்தான்" என்றார்.