ஒரே பீமுக்கு மூன்று விடை

கட்டட வடிவமைப்பு என் தொழில். அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போனபோது, "கேமிங் பிராசசர் சார், வேகத்த இன்னும் ஏத்தி வுட்டுக்கீறேன், பறக்கும்" என்றார் கடைக்காரர். மயங்கி வாங்கிவிட்டேன்.

அடையாறில் ஒரு குடியிருப்புக்கு அதில்தான் கணக்குப் போட்டேன். கான்கிரீட் போடும் நாள் காலை மறுபடி ஓட்டிப் பார்த்தால், ஒரு பீமுக்கு, அதாவது தளத்தைத் தாங்கும் உத்தரத்துக்கு, இரண்டு கம்பி கூடுதலாகக் கேட்டது.

"எதையாவது மாத்தினீங்களா சார்?" என்றார் உடன் வேலை செய்யும் செல்வி.

"தொடவே இல்லம்மா."

மூன்றாம் முறை வேறொரு விடை. யாரோ உள்ளே உட்கார்ந்து எண்களை மாற்றுவது போலிருந்தது. ஓடிப்போய் வேலையை நிறுத்தினேன்.

இந்த மாதிரிக் கணக்குக்கென்றே செய்த நண்பரின் வொர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் எத்தனை முறை ஓட்டியும் ஒரே விடைதான். நான் முதலில் போட்டுக் கொடுத்ததில்தான் இரண்டு கம்பி குறைவு. ஏற்றிவிட்ட வேகத்தில் என் பிராசசர் சத்தமில்லாமல் தப்புப் போட்டிருக்கிறது.

இப்போது வேலைக்கென்றே உள்ள பிராசசர் வாங்கிவிட்டேன். பழையதில் கணக்குப் போட்டு, ஆட்கள் குடியேறிவிட்ட கட்டடங்களை ஒவ்வொன்றாக மறுபடி சோதித்து வருகிறேன். இன்னும் இரண்டு பாக்கி.