லினோலியத்தையும் எரித்த அலைடா

அலைடாவுக்கு எதிரே உட்கார்ந்து நிம்மதியாக ஒரு காபி குடித்துவிட முடியாது. பாதி குடிப்பதற்குள், அந்தக் கோப்பையைச் சூளையில் சுட எவ்வளவு எரிவாயு ஆகியிருக்கும், கழுவ எவ்வளவு வெந்நீர் ஆகும், உடைந்தால் எங்கே போகும் என்று கேட்டுவிடுவாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் தங்களைத்தான் குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அவளுக்கு அந்த எண்ணமே கிடையாது. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்பாள்.

டெல்ஃப்ட் நகரத்தில், கால்வாய் ஓரத்தில், ஒரு சைக்கிள் பழுதுபார்க்கும் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். கீழேயிருந்து பஞ்சர் ஒட்டும் பசையின் வாடை எந்நேரமும் படியேறி வரும். மழைக்காலத்தில் எங்கள் ஈரக் கோட்டுகளின் வாடையும் அதோடு சேர்ந்துகொள்ளும். இன்றைக்கும் பஞ்சர் கடையைத் தாண்டிப் போனால் என் கால் தானாக நின்றுவிடுகிறது. அங்கே நான், அலைடா, எங்களுக்கெல்லாம் தலைவரான எவர்ட், இன்னும் சிலர். பொருள்களுக்கு ஆயுள் கணக்கு எழுதுவது எங்கள் தொழில். பாலுக்குக் கண்ணாடிப் பாட்டில் நல்லதா, அட்டைப் பெட்டி நல்லதா? குழந்தைகளுக்குத் துணி டயப்பர் நல்லதா, தூக்கிப் போடுகிற டயப்பர் நல்லதா? பிறந்த இடத்திலிருந்து குப்பையாகிற வரைக்கும் ஒரு பொருள் பூமியிடம் வாங்கியது எவ்வளவு, பூமியின் தலையில் கொட்டியது எவ்வளவு என்று பார்ப்போம்.

இப்போது இதற்கெல்லாம் கணினியில் ஆயத்தமாக எண்கள் கிடக்கின்றன. பொத்தானைத் தட்டினால் வண்ண வண்ணமாகப் பட்டைகள் வருகின்றன. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அன்றைக்கு ஒவ்வொரு எண்ணையும் யாரிடமாவது கெஞ்சித்தான் வாங்க வேண்டும். அலைடா தொலைபேசியை எடுத்து ஏதோ ஒரு சோடா உப்புத் தொழிற்சாலையின் கொதிகலன்காரரைப் பிடித்து, அவர் மகளின் கல்யாணம் வரைக்கும் விசாரித்துவிட்டு, கடைசியில் "நீராவி எவ்வளவு போகுது?" என்று கேட்பாள். அந்த மனிதர் சொல்லிவிடுவார். நான் கேட்டால் மேலாளரிடம் கேளுங்கள் என்பார்கள்.

ஸேலந்து மாகாணத்தில், கடல்கழியின் தென்கரையில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் அலைடா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் போன பிறகு அவளுக்குச் சொந்தம் என்று இருந்தது தம்பி க்ரைன் ஒருவன்தான். இவள் படிக்க வந்துவிட, அவன் நிலத்தோடு நின்றுகொண்டான். பேசும்போது இரண்டு பேரும் வெட்டிக்கொள்வார்கள். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை அவனிடமிருந்து தொலைபேசி வராவிட்டால் அன்றைக்கு அலைடாவிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. அவன் பேசினால் இந்தப் பக்கம் எங்களுக்கே கேட்கும். "என்ன லைடா, இன்னிக்கு எந்த டப்பாவுக்கு ஜாதகம் பாக்குற?" என்றுதான் ஆரம்பிப்பான்.

அந்த க்ரைன் ஆளி விதை பயிரிட்டான். ஆளி எண்ணெயைக் காய்ச்சி, மரத்தூளும் பிசினும் சேர்த்து, சணல் துணிமேல் பரப்பினால் லினோலியம். தரையில் ஒட்டுகிற விரிப்பு. எங்கள் பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் காலங்காலமாக அதுதான். பிறகு பிளாஸ்டிக் விரிப்பு வந்தது. ஒரு பெரிய வீட்டு வாரியம் தன் பழைய அடுக்குமாடிகளைப் புதுப்பிக்க முடிவு செய்தபோது, எது பூமிக்கு நல்லது என்று கேட்டு எங்களிடம் வந்தது. லினோலியம் ஆலைக்காரர்கள், பிளாஸ்டிக்காரர்கள், வாரியத்தார், நாங்கள், எல்லோரும் ஒரே மேஜையில். எங்கள் நாட்டில் எதுவும் அப்படித்தான் முடிவாகும். கடைசி ஆளும் தலையாட்டுகிற வரை பேசுவோம். எல்லோரும் தலையாட்டிவிட்டால் அதை மறுபடி கிளறுவது மகா பாவம்.

முதல் நாளே அலைடா எழுந்து, தன் தம்பி ஆளி பயிரிடுகிறான், அந்த ஆலைக்குத்தான் விற்கிறான், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றாள். யாரும் சொல்லவில்லை.

முதல் கணக்கில் ஆளி தோற்றது. எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். ஆனால் தலையாட்டிவிட்டோம். அலைடா மட்டும் ஆட்டவில்லை. ஆளிக்கு உரத் தொழிற்சாலையிலிருந்து கணக்கு ஆரம்பிக்கிறது, டிராக்டரின் டீசல் இருக்கிறது, மண்ணிலிருந்து கிளம்புகிற வாயு வரைக்கும் இருக்கிறது. பிளாஸ்டிக்குக்கு மட்டும் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையின் வாசலிலிருந்து ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் அந்த எண்ணெய் வானத்திலிருந்து கொட்டியதா என்று கேட்டாள். எவர்ட் பொறுமையாக, அவர்கள் எண்கள் அப்படித்தான் வருகின்றன, நாம் என்ன செய்வது என்றார். வராவிட்டால் தேடிப் போக வேண்டும் என்றாள் அவள். பிளாஸ்டிக் தரப்பிலிருந்து வந்த மனிதர், தம்பிப் பாசம் பொங்குகிறது என்று காபி நேரத்தில் சொன்னது அவள் காதில் விழத்தான் செய்தது. அலைடா அவருக்கு பிஸ்கட் டப்பாவை நீட்டினாள். ஒன்று எடுத்ததும் எங்கள் ஊர் வழக்கப்படி மூடிவிட்டாள்.

ஒரு குளிர்காலம் முழுக்க எண்ணெய்க் கிணறுகளின் பின்னால் அலைந்தாள். கிணற்று வாயில் வீணாக எரிகிற வாயு, கப்பலின் தொட்டியைக் கழுவிய தண்ணீர், குழாயில் கசிவது எல்லாம் வந்து சேர்ந்தன. இப்போது இரண்டும் மண்ணிலிருந்து ஆரம்பித்தன. ஆளி ஜெயித்தது. பிளாஸ்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே தலையாட்டினார். க்ரைனின் மனைவி மீனா ஒட்டும் பாகு வடியும் பொலஸ் ரொட்டி ஒரு பெட்டி அனுப்பி வைத்தாள். நாங்கள் விரலை நக்கிக்கொண்டே வேலை செய்தோம். க்ரைன் அந்த வசந்தத்தில் கோதுமை நிலத்திலும் சேர்த்து ஆளியே விதைத்துவிட்டான். ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அக்கா பெருமைதானாம்.

என் வாழ்க்கையில் நான் ரொம்பவும் சந்தோஷமாக வேலைக்குப் போன மாதங்கள் அவை. நல்லவன் ஜெயித்த கதையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்கிற இறுமாப்பு எல்லோருக்கும் இருந்தது.

அறிக்கை அச்சுக்குப் போகிற சமயத்தில் ஒரு நாள் அலைடா என் மேஜைக்கு வந்து நின்றாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஹார்ம், நாம பிளாஸ்டிக்க எரிச்சோம். லினோலியத்த எரிக்கல."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. ஆளிச்செடி வளரும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொள்கிறது. அதை நல்ல வரவாக எழுதியிருந்தோம். பிளாஸ்டிக் விரிப்பு தேய்ந்துபோன பிறகு குப்பை உலையில் எரியும்போது வருகிற புகையைச் செலவாக எழுதியிருந்தோம். சரி. லினோலியம் தேய்ந்த பிறகு? அதுவும் அதே வண்டியில் அதே உலைக்குத்தான் போகிறது. செடி இழுத்தது முழுக்கத் திரும்பக் காற்றுக்கே போய்விடுகிறது. ஆனால் எங்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருமே சைக்கிளில் வருகிறவர்கள், வீட்டுக் கொல்லையில் மட்குக் குழி வைத்திருப்பவர்கள். செடியிலிருந்து வந்தது மண்ணுக்குத்தானே போகும் என்று எல்லோர் மனதிலும் ஒரு நினைப்பு. அதைக் கணக்கில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. பிளாஸ்டிக்காரருக்கே தோன்றவில்லை.

எவர்டுக்கு வந்ததே கோபம். எல்லோரும் தலையாட்டி முடிந்தது, இரண்டாவது தடவையும் மேஜையைக் கிளறினால் இனி எவன் நம்மிடம் வருவான் என்று கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, உன் தம்பியை நினைத்துப் பார், அலைடா என்றார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

லினோலியத்தையும் எரித்தோம். அப்போதும் ஆளிதான் மேல், ஆனால் மயிரிழை. இவ்வளவு நெருக்கத்தில் இது மேல் என்று அடித்துச் சொல்ல முடியாது என்று அறிக்கையில் எழுதினோம். வீட்டு வாரியத்துக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. விலை குறைந்த பிளாஸ்டிக்கையே ஒட்டுவது என்று முடிவு செய்தார்கள். ஆலை அந்த வருடக் கொள்முதலைப் பாதியாக வெட்டப்போகிறது என்று எங்களுக்குத் தெரிந்தது.

தம்பிக்கு வேறு யார் வாயாலும் இது தெரியக்கூடாது என்று அலைடா நேரில் கிளம்பினாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் அழைத்துப் போனேன். ப்ரெஸ்கென்ஸ் படகில் கடல்கழியைத் தாண்டினோம். ஆளி பூத்திருந்த நேரம். க்ரைனின் வீட்டைச் சுற்றி வரப்பு வரைக்கும் நீலம். மதியத்துக்குள் உதிர்ந்துவிடுகிற பூ அது. நாங்கள் போனபோது காலை. அவன் வயல் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் தொப்பியைத் தூக்கி ஆட்டினான். அந்தத் தொப்பியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவன் கடைசி வரைக்கும் கேட்டான்.

"நீ எவனுக்கு அக்கா? எனக்கா, அந்த பிளாஸ்டிக்காரனுக்கா?"

"ரெண்டுக்கும் ஒரே தராசுதான், க்ரைன். எண்ணெய்க் கெணத்துக்குப் பின்னால நான் அலஞ்சப்ப உனக்கு அது இனிச்சுது."

"அப்ப அடுத்த தடவ தராச அனுப்பு. நீ வர வேணாம்."

மீனா சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காபிக்குக்கூட உள்ளே கூப்பிடவில்லை. எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. திரும்பும்போது படகின் மேல்தட்டில் அலைடா வாய்விட்டு அழுதாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு தொலைபேசி வரவில்லை. அவள் எழுதினாள், பண்டிகைக்கு அட்டை அனுப்பினாள். மீனாவிடமிருந்து மட்டும் இரண்டு வரி வரும், அவனிடமிருந்து ஒன்றும் வராது. அந்த அறுவடையை மாட்டுத் தீவனத்துக்குப் போட்டுவிட்டு மறுபடி கோதுமைக்கும் உருளைக்கிழங்குக்கும் போய்விட்டான் என்று தெரிந்தது. அவன் நொடித்துப்போகவில்லை. ஆனால் அக்கா தம்பி உறவு முறிந்தது முறிந்ததுதான். அலைடா கொதிகலன்காரர்களிடம் பேசுவதை மட்டும் நிறுத்தவில்லை. யார் மகளுக்கு என்ன பிள்ளை பிறந்தது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். சொந்தத் தம்பி வீட்டுச் செய்திதான் தெரியாது. எனக்கு அவன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

வருடங்கள் ஓடி, அவளுடைய அறுபதாவது பிறந்தநாள் வந்தது. அவளுடைய சின்ன வீட்டின் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தாள். பிறந்தநாள் வீட்டுக்குள் நுழைகிறவர் வட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் கை குலுக்க வேண்டும். பிறந்தநாள்காரரின் சொந்தக்காரர்களிடம் கை குலுக்கும்போது, உங்கள் அம்மாவுக்கு வாழ்த்துகள், உங்கள் தங்கைக்கு வாழ்த்துகள் என்று அவர்களுக்கும் சொல்ல வேண்டும். அது இல்லாமல் பிறந்தநாள் இல்லை. அலைடாவின் வட்டத்தில் இத்தனை வருடங்களாக அப்படி வாழ்த்துப் பெற ஒரு சொந்தம் இருந்ததில்லை. நாங்கள் ஒருவருக்கொருவர் கையைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவோம்.

கேக் வெட்டிய பிறகு மணி அடித்தது. நான்தான் கதவைத் திறந்தேன். மீனா. அவளுக்குப் பின்னால், தலை முழுக்க நரைத்துப்போய், க்ரைன். மீனா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அவள்தான் இழுத்து வந்திருக்கிறாள் என்று புரிந்தது.

வேறு வழியில்லை அவனுக்கு. ஒவ்வொரு நாற்காலியாக வந்தான். அலுவலகத்தார், அக்கம்பக்கத்தார், எல்லோரும் எழுந்து அவன் கையைப் பிடித்து, "அக்காவுக்கு வாழ்த்துகள்" என்றார்கள். எவர்ட் சொன்னபோது கையை விடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். நானும் சொன்னேன். ஆத்திரத்தையெல்லாம் எங்கோ போட்டுவிட்டுச் சொன்னேன். ஒவ்வொருவருக்கும் "நன்றி" என்றான். கடைசியில் அவள் முன்னால் வந்து நின்றான்.

அலைடா எழுந்திருக்கவில்லை.

"லைடா," என்றான். "உன் கணக்கு சரிதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். தப்பா இருந்திருந்தா வரப்புலயே ஒரு சண்டையப் போட்டு முடிச்சிருப்பேன். சரியா இருந்துச்சு. அதான் பேச முடியல."

அலைடா அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"உங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி ஒரு வாரம் அதுல தப்பு தேடினேன், க்ரைன். உனக்காகத்தான். ஒண்ணாவது கெடைக்கட்டும்னு தேடினேன். கெடைக்கவே இல்லடா."

நான் எழுந்து, அவள் பக்கத்தில் இருந்த என் நாற்காலியை அவனுக்கு விட்டுக்கொடுத்தேன்.