முதுகுக்காரனும் இடுப்புக்காரனும்

எலும்பு வைத்தியத்தில் முதுகைப் பிடித்தவன் உருப்படமாட்டான். இடுப்பைப் பிடித்தவன் எங்கேயோ போய்விடுவான்.

அறுபதுகளில் பம்பாயின் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நாங்கள் இரண்டு பேர் ஜூனியர் டாக்டர்கள். ஒரே அறை, ஒரே ஃபேன். அந்த ஃபேனும் குல்கர்ணியின் தலைக்கு மேலேதான். முதுகெலும்புக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் பிதுங்கினால், கத்தி வைக்காமல் படுக்கவைத்தே குணப்படுத்த முடியுமா என்பது என் ஆராய்ச்சி. பச்சைக் குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு நழுவுவது குல்கர்ணியுடையது. யார் ஆராய்ச்சி தேறுகிறதோ அவருக்கு ஒரு வருஷம் இங்கிலாந்து என்று சொல்லிவிட்டார் சீஃப். பக்கத்து மேஜைக்காரனுக்குக் கைதட்டல் விழும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கோஷ்டிதான், மேலே படியுங்கள்.

பலகை

என் முதல் பேஷண்ட் ராமநாதன், மாட்டுங்காவில் எங்கள் தெருக்காரர், ஆபீஸ் குமாஸ்தா. லோக்கல் ரயிலில் தொங்கித் தொங்கியே முதுகு போனவர். மெத்தையைச் சுருட்டிவிட்டு மரப்பலகையில் படுக்கவேண்டும், எழுந்து நடமாடக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த மாசம் முன்னைவிடக் கோணலாக வந்து நின்றார். பலகையில் படுத்தீரா இல்லையா என்று கத்தினேன். மனுஷர் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "ஆத்துக்காரி ஒரு நாள் சும்மா படுத்துப் பாத்தா, டாக்டர். அவளோட முதுகுவலி போயிடுத்து. இப்போ எழுந்துக்கவே மாட்டேங்கறா!"

கம்பவுண்டர்

குல்கர்ணிக்கு இந்த அவஸ்தையெல்லாம் கிடையாது. அவனுடைய பேஷண்டுகளுக்கு வாயில் பல்லே முளைத்திருக்காது, பதில் பேசவும் தெரியாது. தொடையைப் பிடித்து விரிப்பான், மூட்டு 'டொக்' என்று உள்ளே போய் உட்காரும். கால்கள் அகன்றபடியே இருக்க மாவுக்கட்டு போடுவான். சில மாசம் கழித்துக் கட்டைப் பிரித்தால் போதும், பெற்றவள் அவன் காலில் விழுவாள். என் முதுகுக்காரர்கள் ஒருத்தர்கூட என் காலில் விழுந்ததில்லை. குனிய முடிந்தால் என்னிடம் ஏன் வருகிறார்கள்?

செம்பூரிலிருந்து ஒரு அம்மா, அப்படிக் குணமான குழந்தையோடு டப்பா நிறைய லட்டு கொண்டுவந்தாள். குல்கர்ணி வார்டில் இருந்தான். நான் எழுந்து கையை நீட்டினேன். அவள் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டாள்: "டாக்டர் எங்கே? நீங்க கம்பவுண்டரா?"

தாராவியில்

குல்கர்ணி தாராவிக் குழந்தைகளைப் பரிசோதிக்கப் போனான். அவனுக்குத் தமிழ் தெரியாது என்று சீஃப் என்னையும் கூட அனுப்பினார். பாருங்கள் கொடுமையை, அவன் ஆராய்ச்சிக்கு நான் எடுபிடி! ஆனால் சந்து சந்தாக அலைந்தும் நழுவின இடுப்பு ஒன்றுகூட அகப்படவில்லை. புதுக் கேஸ் சேராவிட்டால் ஆராய்ச்சி எப்படித் தேறும்? லண்டன் குளிருக்கு எந்தக் கலரில் ஸ்வெட்டர் எடுக்கலாம் என்று நான் யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

திரும்பும்போது குல்கர்ணி சட்டென்று நின்றான். "இங்கே எல்லாரும் குழந்தையை ஏன் இப்படித் தூக்கறாங்க? கேளு." இதெல்லாம் ஒரு கேள்வியா! தோல் பட்டறைக்காரர் மனைவி கதீஜா, திருநெல்வேலிப் பக்கம், வாசலில் பிள்ளையோடு நின்றிருந்தாள். கேட்டேன். அவள் குல்கர்ணியை ஏற இறங்கப் பார்த்தாள். "பிள்ளைய இடுப்புல வைக்காம தலையிலயா வைப்பாவ? அந்த டாக்டருக்கு இன்னும் கல்யாணம் ஆவலியோ?"

நான் சிரித்துக்கொண்டே அதை அப்படியே ஹிந்தியில் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். குல்கர்ணி சிரிக்கவில்லை. பிள்ளையின் கால்கள் அவள் இடுப்பின் இரண்டு பக்கமும் அகன்று கிடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தவன் என் தோளைப் பிடித்து உலுக்கினான்: "அரே பாய்! நான் மாவுக்கட்டு போட்டு விரிக்கிற காலை இவங்க சும்மாவே விரிச்சு வெச்சிருக்காங்க!"

நன்றி

அதுதான் அவன் கட்டுரை ஆயிற்று. குழந்தையை இடுப்பில் தூக்குவதால்தான் தாராவியில் அந்தக் கோளாறு அபூர்வமோ என்று அவன் எழுதியதை சீஃப் எல்லாரிடமும் காட்டி மகிழ்ந்தார். இங்கிலாந்து அவனுக்கே. கடைசிப் பக்கத்தில், 'மொழிபெயர்த்து உதவிய தமிழ் நண்பருக்கு நன்றி' என்று ஒரு வரி. பெயர்கூட இல்லை.

வயிறு எரிந்தது, மறைப்பானேன்? சீஃப் வேறு முதுகில் தட்டினார்: "உன் தமிழ் ரொம்ப உபயோகமா இருந்ததுப்பா!"

பெட்டி

கப்பல் ஏற்றிவிட நானும் போனேன். போகாவிட்டால் பொறாமை என்று சொல்வார்களே! டாக்சியிலிருந்து புத்தகப் பெட்டியை இறக்கவேண்டும். கூலியைக் கூப்பிடலாம் என்றான் குல்கர்ணி. முதுகு ஆராய்ச்சிக்காரனுக்குத் தூக்கச் சொல்லித்தர வேண்டுமா என்று வீறாப்பாக முன்னே போனேன். முழங்காலை மடக்கித்தான் கனம் தூக்கவேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசித்தவன், கப்பலைப் பார்த்த கடுப்பில் வெறுமனே குனிந்து தூக்கினேன். குனிந்தவன் நிமிரவில்லை. அந்தக் கோலத்திலேயே அவனுக்குக் கையாட்டினேன்.

வீட்டில் மெத்தையைச் சுருட்டிவிட்டு, பலகைக்கு வழியில்லாமல் தரையில் கிடந்த என்னைப் பார்க்க ராமநாதன் வந்தார். நிஜமாகவே வருத்தப்பட்டார். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "என்ன உதவி வேணுமானாலும் கேளுங்கோ, டாக்டர். எங்காத்துப் பலகையை மட்டும் கேக்காதீங்கோ, அவ தரமாட்டா."

பொறாமை மனசில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் கடைசி இரண்டு கணுக்களுக்கு நடுவில் அது பிதுங்கிக்கொண்டிருப்பதை நான் என் எக்ஸ்ரேயிலேயே பார்த்திருக்கிறேன்.